வீட்டுக் கணினிக்கு யு.பி.எஸ்.: அளந்த பிறகு வாங்கிய அனுபவம்

ஏறக்குறைய முந்நூறு பக்கமுள்ள ஒரு நூலின் பக்க வடிவமைப்பை முடித்து, அதன் கோப்புகளைக் கணினியிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்திக்கொண்டிருந்த ஒரு மாலையில் மின்சாரம் நின்றது. இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தும்விட்டது. ஆனால் கணினியை மறுபடி இயக்கியபோது வெளி டிஸ்க்கில் அந்தக் கோப்புறை திறக்கவில்லை. நகர்ந்துபோன கோப்புகள் கணினியிலிருந்து ஏற்கெனவே நீங்கியிருந்தன. வெளி டிஸ்க்குகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் வசதி கிடையாது என்பதையும், அதனால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பே சிதையக்கூடும் என்பதையும் அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இழந்த பக்கங்களை மறுபடி அமைக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

மின்சாரம் நின்றதும் தன் பேட்டரியிலிருந்து சிறிது நேரம் மின்சாரம் கொடுக்கும் யு.பி.எஸ். ஒன்றை அந்த வாரமே வாங்கினேன். பெட்டியின் மேல் 600 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. என் கணினியின் உள்ளே இருக்கும் மின்வழங்கியில் 450 வாட் என்று எழுதியிருந்தது. 600 அதைவிடப் பெரியது என்ற ஒற்றைக் கணக்கோடு வாங்கிவந்து, மேசையில் இருந்த எல்லாவற்றையும் அதில் செருகினேன். அடுத்த மின்தடை வந்தபோது லேசர் பிரிண்டர் ஒரு பக்கத்தை அச்சிட்டுக்கொண்டிருந்தது. யு.பி.எஸ். நீளமாக ஒலியெழுப்பி, ஒரு வினாடிகூடத் தாங்காமல் மொத்தமாக நின்றுவிட்டது. அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ, அதேதான் நடந்தது.

பிழை யு.பி.எஸ். மேல் இல்லை. 600 என்பது வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) அளவு, அதாவது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வெறுமனே பெருக்கி வரும் எண். கருவிகள் உண்மையில் எடுத்துக்கொள்ளும் திறன் வாட்டில் சொல்லப்படுவது. அந்தப் பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் 360 வாட் என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. விலை குறைந்த மாடல்களில் வாட் அளவு வி.ஏ. அளவில் 60 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருப்பது வழக்கம். லேசர் பிரிண்டரோ, மையைத் தாளில் உருக்கிப் பதிப்பதற்காக உள்ளே ஓர் உருளையைச் சூடாக்கும் கருவி. சூடேற்றும் அந்தச் சில வினாடிகளில் அது தனியாகவே பல நூறு வாட்டை இழுத்துவிடும். அதை எந்தச் சிறிய யு.பி.எஸ்ஸின் பேட்டரி வழியிலும் இணைக்கவே கூடாது. பேட்டரி வழியாக ஓடும் சாக்கெட்டுகள் தனியாகவும், அதிக மின்னழுத்தத் தாக்குதலிலிருந்து மட்டும் காக்கும் சாக்கெட்டுகள் தனியாகவும் உள்ள மாடல்கள் இருக்கின்றன. அவற்றில்கூடப் பிரிண்டரை இரண்டாவது வகையில்தான் செருக வேண்டும். நான் அதைச் சுவரில் தனியாகச் செருகிவிட்டேன்.

மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாங்குவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" சுவர்ச் சாக்கெட்டுக்கும் கருவியின் ப்ளக்குக்கும் நடுவில் செருகினால் எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை அவர் இரவல் கொடுத்தார். யு.பி.எஸ். வாங்க நினைப்பவர் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன். 450 வாட் என்று எழுதியிருந்த என் கணினி, எழுதும்போதும் படிக்கும்போதும் 62 வாட்டில் ஓடியது. நூல் முழுவதையும் அச்சுக்கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது 205 வாட்டைத் தொட்டது. மானிட்டர் ஒவ்வொன்றும் 24 வாட், வெளி டிஸ்க் 7, ஒலிபெருக்கி 5, ரௌட்டர் 8, ஃபைபர் இணைப்பின் பெட்டி 6. மின்வழங்கியின் மேல் எழுதியிருப்பது அது அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை மட்டுமே சொல்கிறது. கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பட்டியலை எழுதிவைத்துப் பார்த்தபோதுதான் செலவைக் குறைக்கும் வழி கண்ணில் பட்டது. மின்சாரம் போன பிறகு எனக்கு இரண்டாவது மானிட்டரும் ஒலிபெருக்கியும் எதற்கு? அப்போது நான் செய்ய வேண்டியது, திறந்திருக்கும் கோப்பைச் சேமித்து, எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ஒழுங்காக முடிக்கவிட்டு, கணினியை முறையாக நிறுத்துவது. அதற்குக் கணினி, ஒரு மானிட்டர், வெளி டிஸ்க் ஆகிய மூன்றும் போதும். வெளி டிஸ்க்கை மறந்துவிடக் கூடாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணினிக்கு மட்டும் காப்புக் கொடுத்துவிட்டு, தனி அடாப்டரில் ஓடும் டிஸ்க்கைச் சுவரில் விட்டுவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏற்பாட்டில் இழப்பு நேரும் இடம் திறந்தே கிடக்கிறது.

எத்தனை நிமிடம் தாங்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். இதில்தான் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். வி.ஏ. எண் எவ்வளவு சுமையைத் தூக்க முடியும் என்பதைச் சொல்லும். எவ்வளவு நேரம் தூக்க முடியும் என்பதை உள்ளே இருக்கும் பேட்டரிதான் தீர்மானிக்கும். சிறிய யு.பி.எஸ்களில் மிகப் பரவலாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடப்பட்ட ஈய-அமில பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 120 வாட் சுமைக்கு 42 நிமிடம் வரும் என்று கணக்குப் போடத் தோன்றும், ஆனால் வராது. அந்த 7 ஆம்பியர்-மணி என்பது பேட்டரியை 20 மணி நேரத்தில் மெல்ல மெல்லத் தீர்க்கும்போது கிடைக்கும் அளவு. கால் மணி நேரத்தில் தீர்த்துவிடும் வேகத்தில் மின்னோட்டத்தை இழுத்தால் அதில் பாதி கிடைப்பதே அரிது. நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக்கும்போது வீணாவது வேறு. ஆகவே 120 வாட் சுமைக்குப் புதிய பேட்டரி ஏறத்தாழ 17, 18 நிமிடம் கொடுத்தால் அது நல்ல பேட்டரி. பெட்டியின் மேல் 1000 என்று போட்டிருந்தாலும் உள்ளே இதே ஒற்றைப் பேட்டரிதான் இருக்கிறது என்றால், கூடுதல் விலைக்குக் கூடுதல் நிமிடம் கிடைக்காது. வாங்கும்போது உள்ளே இருக்கும் பேட்டரி எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்-மணி, ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் விவரக் கையேட்டில் இருக்கும்.

பத்து நிமிடம் போதும் என்று முடிவு செய்துகொண்டேன். மணிக்கணக்கில் வேலையைத் தொடர வேண்டும் என்றால் அது வேறு வகைக் கருவி, வேறு வகைச் செலவு. சிறிய யு.பி.எஸ்ஸோடு வாகன பேட்டரியை இணைத்து நேரத்தை நீட்டும் யோசனையை எனக்கும் ஒருவர் சொன்னார். நான் செய்யவில்லை, யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில நிமிடம் மட்டும் ஓடுவதற்கு ஏற்றபடி குளிர்விக்கும் அமைப்பு உள்ள இன்வெர்ட்டர் சுற்றை, அதாவது பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக்கும் பகுதியை, மணிக்கணக்கில் ஓட்டினால் அது சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். அதன் சார்ஜரும் பெரிய பேட்டரியை நிரப்பும் அளவுக்கு அமைந்ததன்று. திறந்த வகை பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் என்பதும் மூடிய அறைக்குள் சாதாரண விஷயமில்லை.

இனி வகை. ஆஃப்லைன், லைன் இன்டராக்டிவ், ஆன்லைன் என்று மூன்று வகை உண்டு. ஆன்லைன் வகை எப்போதும் மின்சாரத்தை இரண்டு முறை மாற்றிக் கொடுப்பதால், மின்தடையின்போது ஒரு கணமும் இடைவெளி விழாது. ஆனால் விலையும் சத்தமும் தினசரி மின்செலவும் அதிகம். வீட்டுக் கணினிக்கு அது தேவைப்படுவதில்லை. கணினியின் மின்வழங்கி, உள்வரும் மின்சாரம் நின்ற பிறகு ஏறத்தாழ 16 மில்லி வினாடி தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. மற்ற இரண்டு வகை யு.பி.எஸ்களும் பொதுவாக 10 மில்லி வினாடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடுகின்றன. எனவே போட்டி ஆஃப்லைனுக்கும் லைன் இன்டராக்டிவுக்கும்தான். ஆஃப்லைன் மலிவு, ஆனால் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலும் அதற்குப் பேட்டரியைத் தவிர வேறு வழி தெரியாது. லைன் இன்டராக்டிவ் வகையில் உள்ள தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி, பேட்டரியைத் தொடாமலேயே தாழ்ந்ததை உயர்த்தியும் உயர்ந்ததைத் தாழ்த்தியும் கொடுக்கும். எங்கள் வீட்டில் விளக்கு அடிக்கடி மங்கிப் பிறகு தெளியும். முழு மின்தடையைவிட இந்தத் தாழ்வுகளே அதிகம் என்பதால், ஆஃப்லைன் வகையில் பேட்டரி நாளுக்குப் பல முறை வேலை செய்து சீக்கிரம் தேய்ந்திருக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து லைன் இன்டராக்டிவ் வாங்கியதை நான் சிக்கனம் என்றே கருதுகிறேன்.

அப்படியும் ஒரு முறை திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் வாங்கிய லைன் இன்டராக்டிவ் யு.பி.எஸ்., பேட்டரியில் ஓடும்போது, சுவர் மின்சாரத்தில் இருப்பதைப் போன்ற சீராக வளையும் உண்மையான சைன் அலையைக் கொடுக்காமல் படிப்படியாக ஏறி இறங்கும் போலி அலையைக் கொடுக்கும் வகை. மலிவான மாடல்கள் பெரும்பாலும் அப்படித்தான். இக்கால மின்வழங்கிகளில், குறிப்பாக மின்சாரத்தை அதிகம் வீணாக்காதவை என்று காட்டும் 80 பிளஸ் முத்திரை உள்ளவற்றில், உள்வரும் மின்னோட்டத்தைச் சைன் அலையோடு ஒத்துப்போகச் செய்யும் திறன் காரணித் திருத்தச் சுற்று இருக்கிறது. படியலையில் மின்னழுத்தம் சுழியமாக நிற்கும் சிறு இடைவெளிகள் அத்தகைய சுற்றுகளில் சிலவற்றைக் குழப்பிவிடுகின்றன. என் கணினி சும்மா இருக்கும்போது சிக்கல் இல்லாமல் மாறியது. ஏற்றுமதி ஓடும்போது சோதித்தால் ஐந்து முறையில் இரண்டு முறை சட்டென நின்றது. எல்லாக் கணினியும் இப்படி நடந்துகொள்ளாது. நண்பரின் கணினி அதே யு.பி.எஸ்ஸில் ஒரு முறையும் நிற்கவில்லை. ஆகவே இதை விவரக் கையேட்டைப் படித்துத் தீர்மானிக்க முடியாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், கணினிக்கு முழு வேலை கொடுத்துச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதனைக்கு முக்கியமான வேலையைத் திறந்து வைக்காதீர்கள்.

இன்னொன்று: சோதிக்கும்போது யு.பி.எஸ்ஸின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் எர்த் இணைப்பும் சேர்ந்து அறுந்துபோகும். சாக்கெட்டின் சுவிட்சை அணைத்தால் போதும். சுவிட்ச் இல்லாத சாக்கெட்டாக இருந்தால் அந்தச் சுற்றின் பிரேக்கரை இறக்கலாம். மின்னழுத்தத் தாக்குதலிலிருந்து காக்கும் பகுதி முழுமையாக வேலை செய்வது எர்த்தை நம்பித்தான் என்பதால், வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் சொல்வது யு.பி.எஸ். வாங்குவதற்கு முன்பே செய்யத்தக்க வேலை.

கடைசியில் நான் வைத்துக்கொண்டது 850 வி.ஏ., 510 வாட் அளவுள்ள, சைன் அலை கொடுக்கும் லைன் இன்டராக்டிவ் யு.பி.எஸ். உள்ளே 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. இந்த 9 ஆம்பியர்-மணி பேட்டரி, 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் அதே புற அளவில், அதாவது 151 மில்லி மீட்டர் நீளம், 65 அகலம், 94 உயரத்தில் வருவதால், மாற்று பேட்டரி கிடைக்காமல் போகாது என்பது என் தேர்வுக்கு முக்கியக் காரணம். அடிப்பகுதியில் ஒரு மூடியைத் தள்ளித் திறந்தால் பேட்டரி கைக்கு வரும். வாங்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். முழுப் பெட்டியையும் கழற்றினால்தான் பேட்டரியை எடுக்க முடியும் என்ற மாடல்களும், தயாரித்த நிறுவனத்தின் தனி அளவுப் பேட்டரி மட்டுமே பொருந்தும் மாடல்களும் உண்டு. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பேட்டரி மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதால், அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது.

ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இந்த யு.பி.எஸ்ஸில் சேர்க்கவில்லை. இரண்டும் சேர்ந்து 14 வாட்தான். ஆனால் அந்த 14 வாட்டைக் கொடுக்க யு.பி.எஸ். தன் இன்வெர்ட்டர் சுற்றை ஓட்டவே ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தைச் செலவிடுகிறது. பேட்டரியில் நேர் மின்னோட்டமாக இருப்பதை மாறு மின்னோட்டமாக்கி, அடாப்டர் அதை மறுபடி 12 வோல்ட் நேர் மின்னோட்டமாக்குவது வீண் சுற்று. இதற்கென்றே லித்தியம் செல்களோடு வரும், நேரடியாக 12 வோல்ட் கொடுக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கினேன். அதன் மேல் 8000 மில்லி ஆம்பியர்-மணி என்று இருந்தது. அது 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. ஏறத்தாழ 30 வாட்-மணி. என் 14 வாட் சுமைக்கு அது ஒரு மணி நாற்பது நிமிடம் தாங்கியது. வாங்கும் முன் ரௌட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர், முனையின் நடுவில் நேர்மின்னா எதிர்மின்னா என்ற குறி ஆகிய மூன்றையும் ஒத்துப்பார்க்க வேண்டும். 9 வோல்ட் ரௌட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது கெட்டுப்போகக்கூடும். ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள செயலற்ற ஒளிவலை அமைப்பில், நிலையத்திலிருந்து வீடு வரை நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. நிலையத்தில் மின்சாரம் இருக்கும்வரை, உங்கள் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் மின்சாரம் கொடுத்தால் இணையம் நிற்காது. மடிக்கணினியில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்தச் சிறு கருவி ஒன்றே போதும். மடிக்கணினிக்குள்தான் பேட்டரி இருக்கிறதே.

யு.பி.எஸ்ஸோடு ஒரு யு.எஸ்.பி. கம்பி வந்தது. முதல் யு.பி.எஸ்ஸில் அப்படி எதுவும் இல்லை என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியாது. மின்தடை வரும்போது நாம் எப்போதும் மேசை முன்னால் இருப்பதில்லை. கம்பியை இணைத்தால் விண்டோஸ் யு.பி.எஸ்ஸைப் பேட்டரி போலவே கண்டுகொள்ளும். லினக்ஸில் நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. பேட்டரி குறைந்த பிறகு நிறுத்து என்ற இயல்பான அமைப்பை நான் மாற்றி, பேட்டரிக்குப் போய் மூன்று நிமிடம் ஆனதும் ஹைபர்னேட் செய்யும்படி வைத்திருக்கிறேன். காரணம், பேட்டரி பழசாகும்போது 60 விழுக்காடு என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று விழுந்துவிடும். நேரக் கணக்கை நம்பலாம், விழுக்காட்டை நம்பக் கூடாது. நினைவகத்தில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவதால், மின்சாரம் வந்ததும் திறந்திருந்த பக்கம் திறந்தபடியே கிடைக்கும்.

வைக்கும் இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். மேசைக்கடியில், கணினியின் சூடான காற்று வெளிவரும் பக்கத்தில் வைத்திருந்தேன். ஈய-அமில பேட்டரியின் ஆயுளை 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஓராண்டு கழித்துத்தான் எதிர்ப்பக்கம் நகர்த்தினேன். என் முதல் யு.பி.எஸ்ஸின் பேட்டரியையும் நானே கெடுத்தேன். வெறுத்துப்போய், பேட்டரி தீர்ந்த நிலையிலேயே அதை அலமாரியில் எட்டு மாதம் வைத்துவிட்டேன். தீர்ந்த நிலையில் கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் ஈயச் சல்பேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் ஏறாது. பயன்படுத்தாமல் வைக்க வேண்டியிருந்தால் முழுக்கச் சார்ஜ் ஏற்றிவைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மறுபடி ஏற்ற வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மேசை விளக்குகளைக் கொண்டு 120 வாட் சுமை வைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். புதிதில் 22 நிமிடம், ஓராண்டில் 20, இரண்டாம் ஆண்டின் முடிவில் 17, அடுத்த ஒன்பதாவது மாதம் 11. தொடக்கத்தில் இருந்த கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் அளவுகோல். நான் அதைவிடக் கொஞ்சம் தாமதித்தேன். மாற்றும்போது முனையத்தின் அகலத்தை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரே அளவு பேட்டரியில் 4.8 மில்லி மீட்டர், 6.3 மில்லி மீட்டர் என்று இரண்டு வகை முனையம் உண்டு. யு.பி.எஸ்ஸை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, சிவப்பையும் கறுப்பையும் படம் எடுத்துவைத்துக்கொண்டு மாற்றினேன். ஓர் இரவு முழுவதும் சார்ஜ் ஏறவிட்ட பிறகே சுமையை இணைத்தேன். மறுநாள் சோதனையில் 23 நிமிடம் வந்தது. பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருப்பதால் அதைக் குப்பையில் போடாமல், பழைய பேட்டரிகளை எடுத்துக்கொள்பவரிடம் கொடுத்தேன்.

ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில் 192 என்ற எண்ணுள்ள வரி, எதிர்பாராமல் மின்சாரம் போய்த் தலைப்பகுதி அவசரமாகப் பின்வாங்கிய முறைகளை எண்ணிவைக்கிறது. இரண்டாவது யு.பி.எஸ்ஸை, அதாவது பிறகு திருப்பிக் கொடுத்த படியலை யு.பி.எஸ்ஸை, இணைத்த நாளில் என் டிஸ்க்கில் அந்த எண் 43. பேட்டரி மாற்றிய அன்று மறுபடி பார்த்தேன், 45. கூடிய அந்த இரண்டும், படியலை யு.பி.எஸ்ஸில் நானே நடத்திய சோதனையில் கணினி நின்றுபோன அந்த இரண்டு முறைகள்.